டூட்டியம்மாவின் ஞாயிற்றுக்கிழமைகள்

வீட்டைக் காலி செய்ய இன்னும் நான்கு நாள் இருந்தது. அண்ணன்கள் இருவரும் வந்தார்கள், அழுதார்கள், அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள், மூன்றாம் நாளே லீவு முடிந்துவிட்டது என்று அவரவர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். சாமான்களை ஒழிக்கும் வேலை சின்னவள் தலையில் விழுந்தது. இந்த மாதிரி வேலைகளுக்கு மட்டும் வீட்டுப் பெண்ணின் தலை எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும், நேராக வந்து விழும்.

சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு ஆள் திரும்பினால் இடிக்கிற சமையலறை, தெருவைப் பார்த்த ஜன்னல், ஜன்னலோரம் கை வைத்த நாற்காலி ஒன்று. அலமாரியைத் திறந்தால் மட்டும் ஒரு ஆஸ்பத்திரி வார்டுக்கே விரிக்கலாம் போல அத்தனை படுக்கை விரிப்புகள். ஒவ்வொன்றும் ஓரத்தோடு ஓரம் ஒட்டி மடித்தது. சின்னவள் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு, திரும்ப மடிக்க வராமல் சுருட்டி மூட்டைக்குள் திணித்தாள். அம்மா பார்த்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பாள்.

கையில் வேலை இருந்தாலும் மனது ஒரே இடத்தில்தான் நின்றது. அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பெரியண்ணனும் அம்மாவும் என்ன பேசிக்கொண்டார்கள்?

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா போனில் பேசினாள். "நாளைக்கு வரட்டுமா?" என்று சின்னவள் கேட்டதற்கு, "நீ எதுக்கு ரெண்டு பஸ் மாறி வந்து அல்லாடணும்? பெரியவன் வர்றான். நீ வீட்ல கெட. வாரம் பூரா அந்தக் கண்ணாடியவே உத்துப் பாக்குற, கண்ணுக்கு ஒரு நாள் ரெஸ்ட் குடு" என்றாள். சின்னவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சட்டத்தில் கண்ணாடியைத் தேய்த்துப் பொருத்துகிற வேலை. அம்மா சொன்னதைக் கேட்டதும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அதை இப்போது இல்லை என்று சொல்ல முடியாது. அப்பாடா, நாளைக்குத் துணி ஊறவைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

திங்கட்கிழமை காலை கீழ்த்தளத்து டெய்லர் கதவைத் தட்டிப் பார்த்து, திறக்காமல், ஆளைக் கூட்டி உடைத்தார். அம்மா ஜன்னலோர நாற்காலியில் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் சாயங்காலமே முடிந்திருக்கும், இதயம் நின்றுபோயிருக்கிறது, வலி தெரிந்திருக்காது என்றார் டாக்டர். அப்படியானால் பெரியண்ணன் பகலில் வந்து, சாப்பிட்டு, பேசிவிட்டுக் கிளம்பிய பிறகுதான் நடந்திருக்க வேண்டும். அம்மாவின் கடைசிப் பேச்சு முழுக்க அவனிடம் இருந்தது. அவனோ வாயைத் திறக்கவில்லை. சின்னவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "நீ பக்கத்துல இருந்தியே வாலு, எனக்கு அது போதும்" என்று மட்டும் அழுதான். ஒரே ஊரில் இருப்பதைச் சொல்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். கேட்க நினைத்தாள், அந்தக் கூட்டத்தில் கேட்க முடியவில்லை. அவனாகச் சொல்லட்டும் என்று விட்டாள். அவன் சொல்லாமலே பஸ் ஏறிப் போய்விட்டான். பன்னிரண்டு நாளாக அந்தக் கோபத்தை அவள் அடைகாத்துக்கொண்டிருந்தாள். அம்மா எல்லாருக்கும் பொது, கடைசி நாள் மட்டும் உனக்குத் தனிச் சொத்தா?

அம்மாவை வீட்டில் அம்மா என்றார்கள். வெளியில் அவள் பெயர் டூட்டியம்மா.

அப்பா போனபோது பெரியவனுக்கு ஒன்பது வயது, நடுவிலவனுக்கு ஏழு, சின்னவளுக்கு இரண்டு. அப்பா நல்ல மனுஷன்தான், ஆனால் உடம்பு அவர் பேச்சைக் கேட்கவில்லை. அவர் படுத்திருந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்திலேயே அம்மா வேலைக்குச் சேர்ந்தாள். எந்த விரிப்பில் புருஷன் படுத்திருந்தானோ அதே விரிப்பு மூட்டையில் இறங்கி வரும். "முதல் வாரம் ஒவ்வொரு மூட்டையையும் பிரிக்கிறப்போ கை நடுங்குச்சு. ரெண்டாவது வாரம் நடுங்கறதுக்கு நேரம் இல்ல" என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். அதற்கு மேல் அழுகைக் கதை எல்லாம் அம்மாவிடம் கிடைக்காது.

சலவைக்கூடம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. வார்டு வார்டாக மூட்டை வரும், கறை பட்டதைத் தனியாகப் பிரிக்க வேண்டும், கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும், பிழிகிற இயந்திரம், அப்புறம் சூடான இரட்டை உருளை. உருளைக்குள் ஈர விரிப்பை விட்டால் அந்தப் பக்கம் சுடச்சுட வெளியே வரும். அதை இரண்டு பெண்கள் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, விலகி, நெருங்கி, மடிப்பார்கள். அம்மா மூன்று வருஷம் மடித்தாள், ஆறு வருஷம் உருளையில் நின்றாள், அதற்கப்புறம் மேற்பார்வை. பதினாலு பெண்களுக்கு மூன்று ஷிப்டு பிரித்து, யார் எப்போது வர வேண்டும் என்று சுவரில் ஒரு பலகையில் எழுதிப்போடுவாள். டூட்டி போடுகிற அம்மா, அதனால் டூட்டியம்மா.

வீட்டிலும் அதே பலகைதான், சுவரில் மாட்டவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் பிடிப்பது பெரியவன், பாத்திரம் நடுவிலவன், செருப்புகளை வரிசையாக வைப்பது சின்னவள். யாருக்காவது காய்ச்சல் என்றால் அம்மா, "சரி படு, ஆள் போட்டாச்சு" என்பாள். ஆள் யார் என்று கேட்டால், "அது எதுக்கு உனக்கு? படுன்னா படு" என்பாள். பிள்ளைகள் கேட்டதில்லை, படுத்துக்கொண்டார்கள். பெரியவன் பஸ் டிரைவர் ஆனான், நடுவிலவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஆகி இன்னொரு ஊருக்குப் போனான், சின்னவளைக் கட்டிக்கொடுத்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஆஸ்பத்திரிக் குடியிருப்பைவிட்டு இந்த மூன்றாவது மாடிக்கு வந்தாள். "என்கூட வந்து இரும்மா" என்று மூன்று பேரும் கூப்பிட்டார்கள். "ஒருத்தர் வீட்டுக்குப் போனா மத்த ரெண்டு பேருக்கு மூஞ்சி தொங்கும். என்னால மூணு மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டாள்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. பாய்லர் அக்கா. சலவைக்கூடத்தில் கொதிகலன் பக்கம் வேலை பார்த்தவள், அம்மாவுக்குப் பத்து வயது இளையவள். காரியத்துக்கு வர முடியாமல் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தவள், இப்போது அதே காலோடு மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

சின்னவள் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பாய்லர் அக்கா அந்தக் கை வைத்த நாற்காலியைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் அவளுக்கே உரிய வெண்கலக் குரல் திரும்பிவிட்டது.

"உங்கம்மாகிட்ட லீவு கேக்குறது ரொம்ப சுலபம் பாப்பா. புள்ளைக்கு உடம்பு சரியில்லன்னு போய் நின்னா, ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கமாட்டாங்க. 'நீ போ, மாத்து ஆள் வருது'ன்னு சொல்லிடுவாங்க. பலகையில என் பேர அழிச்சிட்டு அங்க 'மாற்று ஆள்'னு எழுதிடுவாங்க. நாங்களும் யாரோ ஒருத்தி வெளிய இருந்து வர்றான்னு நெனச்சிட்டு இருந்தோம்."

"யார் அது?"

"எவளும் இல்ல. பதினோரு வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது எனக்கு. ஒரு நாள் பர்ஸ மறந்து வச்சிட்டேன்னு திரும்பி ஓடி வந்தேன். பாத்தா உருளைக்குப் பக்கத்துல ஒங்கம்மா ஒத்தையா நின்னுட்டு இருக்காங்க. விரிப்போட ஒரு முனையக் கம்பில கட்டிட்டு, இந்தப் பக்கம் தனியா நின்னு மடிச்சிட்டு இருக்காங்க. அவங்க ஷிப்டு முடிஞ்சு, என் ஷிப்டையும் பாத்திட்டு இருக்காங்க. என்னக்கா இதுன்னா, 'வாய மூடிட்டுப் போ, மத்தவளுங்களுக்குத் தெரிஞ்சா ஒருத்தியும் லீவு கேக்கமாட்டா'ன்னு சொன்னாங்க. மாத்து ஆள்னு ஒருத்தி எப்பவுமே கெடையாது பாப்பா. எல்லாம் அவங்கதான்."

சொல்லிவிட்டு பாய்லர் அக்கா சிரித்தாள். நல்ல ஞாபகம் ஒன்றைக் கொடுத்துவிட்ட திருப்தி அவள் முகத்தில் இருந்தது. அம்மாவின் துண்டு ஒன்றை ஞாபகத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு, படிக்குப் படி காலைத் திட்டிக்கொண்டே இறங்கினாள்.

சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவன் வர்றான். நீ வீட்ல கெட. இதை அம்மா எத்தனை முறை சொல்லியிருப்பாள்? யோசித்துப் பார்த்தால், கடைசியாக அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இந்த வீட்டுக்கு வந்தது நாலு வருஷத்துக்கு முன்னால். கடை விடுமுறை செவ்வாய்க்கிழமை என்பதால் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எட்டிப் பார்ப்பாள். ஞாயிறு என்றாலே பெரியவன் வருகிற நாள் என்று மனதில் பதிந்துவிட்டது. அண்ணன்கள் செய்தி எல்லாம் அவளுக்கு அம்மா வழியாகத்தான் வரும். அவள் செய்தியும் அப்படித்தான் அவர்களுக்குப் போகும். அண்ணனுக்கு நேராகப் போன் போட்டு "ஞாயிறு வந்தியா" என்று ஒரு நாள் கேட்டதுண்டா? இல்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

இருக்காது, அண்ணன் வந்திருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் கீழே இறங்கினாள்.

டெய்லர் குனிந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்து, துணிக் குவியலை ஒதுக்கி ஸ்டூலை நகர்த்தினார்.

"அக்கா உக்கார்ற ஸ்டூல்தான். உக்காரும்மா."

"அம்மா இங்க வந்து உக்காருவாங்களா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும். மத்த நாள்ல அவங்களுக்கு ஏது நேரம்? கடை சாத்திதான் இருக்கும், நான் உள்ள உக்காந்து பாக்கி வேலைய முடிச்சிட்டு இருப்பேன். பத்து மணிக்கு வந்து உக்காருவாங்க. 'புள்ளைங்க இன்னைக்கு எனக்கு லீவு குடுத்துட்டாங்க டெய்லர்'னு சொல்லிட்டு என் தையல்ல குறை கண்டுபிடிப்பாங்க. அந்த மடிப்பு கோணல், இந்த ஓரம் பிசிறு. காலர் எனக்குத் தைக்க வராதுன்னு ஊருக்கே சொல்லிட்டாங்க. ஒரு மணிக்கு மேல போவாங்க. எனக்கும் பேச்சுத்துணை."

"அண்ணன் வர்ற ஞாயித்துக்கிழமை?"

டெய்லர் நிமிர்ந்து பார்த்தார். "இந்த மூணு நாலு வருஷத்துல நான் பாத்து ஞாயித்துக்கிழமைல ஈ காக்கா கூட மாடி ஏறினது இல்லம்மா. தப்பா எடுத்துக்காதே. அவங்கவங்க பாடு அவங்கவங்களுக்கு."

சின்னவள் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கடைசி ஞாயிறும் இங்க வந்தாங்களா?"

டெய்லர் ஊசியில் நூலைக் கோத்தார், கோத்ததை உருவினார். "அன்னைக்கு நான் ஊர்ல இல்ல. மச்சினன் வீட்டுக்குப் போகவேண்டி இருந்துச்சு. சனிக்கிழமை அக்காகிட்ட சொன்னேன், உங்களுக்குப் பொழுது போகாதே, வேணும்னா நான் அடுத்த வாரம் போறேன்னு. அவங்கதான், 'நீங்க தாராளமா போங்க, என் பொண்ணு வர்றா நாளைக்கு, சாப்பாட்டோட வர்றா'ன்னு சொன்னாங்க. அதனாலதான் நான் போனேன். இல்லன்னா போயிருக்கமாட்டேன்." ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "நீ எத்தன மணிக்கும்மா கிளம்பினே அன்னைக்கு? அதுக்கப்புறம்தானே ஆயிருக்கணும்?"

அவர் கண்ணைப் பார்த்ததும் சின்னவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த மனுஷரும் பன்னிரண்டு நாளாக இதைத்தான் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"மூணு மணி இருக்கும்," என்றாள்.

"அதான் பாத்தேன்," என்று டெய்லர் பெருமூச்சு விட்டார். கத்தரிக்கோலைத் திரும்பக் கையில் எடுத்தார்.

மாடி ஏறி வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இப்படியா ஒருத்தி காதில் பூச்சுற்றுவாள்? பெற்ற பிள்ளைக்கு ஒரு பொய், பக்கத்து மனுஷனுக்கு ஒரு பொய். வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டோமா? வந்திருப்போம். முணுமுணுத்துக்கொண்டே வந்திருப்போம், வந்து நாலு தரம் கடிகாரத்தைப் பார்த்திருப்போம். அம்மாவின் கண்ணுக்கு அது தப்பாது. பதினாலு பெண்கள் முகத்தைப் பார்த்தே யாருக்கு லீவு வேண்டும் என்று கண்டுபிடித்தவள் அவள். பெற்ற மகள் முகத்தைப் படிக்க எவ்வளவு நேரமாகும்? தன் நிம்மதியை அம்மா போன் வழியாகவே கேட்டிருப்பாள் என்று நினைத்ததும் சின்னவளுக்கு உடம்பு கூசியது. அந்த ஊறவைத்த துணி ஞாபகத்துக்கு வந்தது. அம்மா இங்கே தனியாக உட்கார்ந்திருந்த நேரத்தில் அவள் போர்வை அலசிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அம்மா என்ன செய்திருப்பாள் என்று நினைத்துப் பார்த்தாள். டெய்லர் கடை சாத்தியிருக்கிறது. பத்து மணிக்கு இறங்குவதற்கு இடம் இல்லை. சமைத்தாளா? அடுப்பு துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. யாரோடாவது ஒரு வார்த்தை பேசினாளா? சனிக்கிழமை சாயங்காலம் போனை வைத்ததிலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரை முழுதாக ஒரு நாள். அந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்ல இந்த உலகத்தில் ஒருத்தரும் இல்லை.

நாலு மணிக்குப் போன் அடித்தது. பெரியண்ணன்.

"வாலு, வேலை ஆச்சா? தனியா போட்டு அல்லாடாதே. கட்டிலத் தூக்க ஆள் சொல்லிருக்கேன்."

"ம்."

"சாப்டியா?"

"சாப்ட்டேன் அண்ணா."

அந்தப் பக்கம் பஸ் நிலையத்து இரைச்சல் கேட்டது. யாரோ விசில் அடித்தார்கள். அண்ணன் போனை வைக்கவில்லை. அவன் அப்படி நிற்கிறவன் இல்லை, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு டப்பென்று வைத்துவிடுவான்.

"ஒண்ணு கேக்கணும்," என்றான். "பன்னண்டு நாளா கேக்கணும் கேக்கணும்னு இருக்கேன். நீயா சொல்வேன்னு பாத்தேன். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை அம்மா உன்கிட்ட என்ன பேசினாங்க?"

சின்னவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு எப்பவும் டூட்டி இருக்கும், அது உனக்கே தெரியும்," என்று அவன் தொடர்ந்தான். "லீவு போட்டு வரட்டுமான்னு கேட்டா, 'வேணாம்டா, வாலு வர்றா, அவ வந்தா பேசிப் பேசியே என் காது போயிடும், நீ வேற எதுக்கு'ன்னு சொல்வாங்க. ஆறு வருஷம் வாலு. ஆறு வருஷத்துல நான் ஒரு ஞாயித்துக்கிழமை கூட வரல. நீ இருக்கேங்குற தைரியம்தான். இப்பவும் நீ இருந்தேன்னு நெனச்சுதான் வண்டி ஓட்டுறேன். இல்லன்னா ஸ்டியரிங்கப் புடிக்க முடியாது என்னால."

நீ வருவதாகத்தான் அம்மா என்னிடம் சொன்னாள் என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் பாதிப் பாரம் இறங்கும், கூட அழ ஒரு ஆள் கிடைக்கும். அந்தக் கூட அழுகிற ஆளுக்காக அவள் மனது எவ்வளவு ஏங்கியது என்று சொல்லி மாளாது. ஆனால் அண்ணன் நாளைக்குக் காலையில் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை, இரத்த அழுத்தம். இதையும் தூக்கிக்கொண்டு அவன் எப்படி ஓட்டுவான்?

"உன்னப் பத்திதான் பேசினாங்க," என்றாள்.

"என்னன்னு?"

"நீ தண்ணி புடிக்கப் போவியே சின்ன வயசுல, அத. குடத்தத் தூக்க முடியாம பாதித் தண்ணிய வழியிலயே சிந்திடுவியாம். வீட்டுக்கு வந்து, குழாய்லயே இவ்வளவுதான் வந்துச்சுன்னு சொல்வியாம். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தேன்னு சொல்லிச் சிரிச்சாங்க. அவனுக்கு ஒரு குறையும் வெக்கல, அவனும் எனக்கு வெக்கலன்னாங்க."

அந்தப் பக்கம் ஐம்பத்திரண்டு வயது பஸ் டிரைவர் நிலையத்தின் நடுவில் நின்று தேம்பி அழுகிற சத்தம் கேட்டது. கடைசி வாக்கியத்தைத் தவிர மற்றது எல்லாம் அம்மா எப்போதோ சொன்னதுதான். கடைசி வாக்கியம் அவள் சேர்த்தது. அம்மா அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. அழுதுகொண்டிருக்கிறவன் அதைக் கவனிக்கவில்லை.

"சாப்ட்டாங்களா?" என்றான் கடைசியாக.

"நல்லா சாப்ட்டாங்க."

போனை வைத்துவிட்டு அவள் தண்ணீர் குடித்தாள். இரண்டு விரிப்பை மூட்டை கட்டினாள். அரை மணி நேரம் ஆகியிருக்காது, நடுவிலண்ணன் கூப்பிட்டான். பெரியவன் அழுகையோடு அழுகையாக அவனுக்குச் சொல்லியிருக்கிறான்.

"நான் அண்ணன்தான் வந்திருந்தான்னு நெனச்சிட்டு இருந்தேன். அம்மா என்கிட்ட அப்படித்தான் சொன்னாங்க. நீதான் இருந்தியாமே."

"அவனுக்குக் கடைசி நேரத்துல டூட்டி போட்டுட்டாங்க. அதான் நான் வந்தேன்."

"நல்லவேளை வாலு. நீ மட்டும் இல்லன்னா..." சின்ன வயதிலிருந்தே தனக்குக் கிடைத்த பங்கைச் சந்தேகத்தோடு பார்க்கிறவன். "என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா? பெரியவனப் பத்தி சொன்னாங்கன்னு சொன்னான்."

"சொல்லாம இருப்பாங்களா?" என்றாள் சின்னவள். அவன் பாத்திரம் தேய்க்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுவதை அம்மா சொன்னதாகச் சொன்னாள். ஃபிரிட்ஜுக்கு அவன் போட்ட ரப்பர் இன்றைக்கும் அசையவில்லை என்று கதவைத் திறந்து மூடிக் காட்டியதாகச் சொன்னாள். என் கையோட பக்குவம் நடுவிலவனுக்குத்தான் வந்திருக்கு என்று அம்மா சொன்னதாகவும் சொன்னாள். பெரியவனுக்குச் சொன்னதற்குக் குறையாமல் பார்த்துக்கொண்டாள். அவன் ஒவ்வொன்றுக்கும் "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டான். ஒரு தடவை சிரிக்கவும் செய்தான்.

"சரி, நீ ஒடம்பப் பாத்துக்க," என்று வைத்துவிட்டான்.

அவள் போனை மடியில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். கீழே டெய்லரின் மெஷின் ஓடுகிற சத்தம் நின்று நின்று கேட்டது. அம்மா கடைசியாகச் சொன்னது என்று அண்ணன்கள் இரண்டு பேருக்கும் சொல்லியாகிவிட்டது, இனி அவர்கள் தூங்குவார்கள். தன்னைப் பற்றி அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று போன் போட்டுக் கேட்கத்தான் அவளுக்கு ஆள் இல்லை.